முதலில் பூச்சி, பிறகு பல்லி

அயல்நாட்டுப் பல்லியை வீட்டில் வளர்க்கும் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பல்லியைப் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். லெப்பர்ட் கெக்கோ போன்ற பல்லி பகலெல்லாம் ஒரு மூலையில் முடங்கிக் கிடக்கும். சத்தம் போடாது. ஒரு கண்ணாடித் தொட்டியே அதற்குப் போதும். மிச்சப் பேச்சு முழுக்க அதன் தீனியைப் பற்றித்தான் இருக்கும். ஏனென்றால் அந்தத் தீனிக்கு உயிர் இருக்கிறது. தாவுகிறது, இரவெல்லாம் கத்துகிறது, ஒன்றையொன்று தின்கிறது, கவனம் தவறினால் ஒரே ராத்திரியில் கூட்டமாகச் செத்து நாறுகிறது.

அந்தத் தீனிதான் சுவர்க்கோழி. செல்லப்பிராணிக் கடைகளில் கிரிக்கெட் என்று விற்கிறார்கள். பல்லிக்கு மட்டுமல்ல, அரோவானா மீனுக்கும் இதை வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

அரக்கோணம் போன்ற ஊரில் இதற்கென்று தனிக்கடையை எதிர்பார்க்க முடியாது. ஆனால் சென்னை சென்ட்ரல் 69 கிலோமீட்டர்தான். அங்கே வாங்கி, டப்பாவில் அடைத்து, புறநகர் மின்ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வந்த பூச்சிகளில் பாதி புதன்கிழமைக்குள் செத்துக் கிடந்தால் வாங்கியவர் கடைக்காரரைத் திட்டுவார். பெரும்பாலும் கோளாறு கடையில் இருக்காது. பூச்சி வந்து சேர்ந்த டப்பில் இருக்கும். பல்லி வளர்ப்பில் முக்கால் பங்கு பூச்சி வளர்ப்புதான். பல்லியின் எலும்பு உறுதியாக இருக்குமா, வளைந்துபோகுமா என்பதுகூட அந்த டப்புக்குள்தான் முடிவாகிறது.

யாருக்கு இந்தத் தீனி?

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். வேலியில் தலையாட்டும் பச்சோந்தியையோ, வயலில் ஓடும் உடும்பையோ, நட்சத்திர ஆமையையோ பிடித்து வந்து வளர்ப்பது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றுக்குக் காவல் நிற்கிறது. நட்சத்திர ஆமையைச் சைட்டிஸ் என்னும் உலக ஒப்பந்தத்தில், பன்னாட்டு வணிகத்துக்கே முழுத் தடையுள்ள முதல் பட்டியலில் 2019இல் சேர்த்தார்கள்.

அயல்நாட்டு உயிரினங்களின் கதை வேறு. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் இந்தியா 1976இல் சேர்ந்தது. அந்த ஒப்பந்தத்தின் பட்டியல் நம் சட்டத்துக்குள் நேரடியாக வந்தது 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். அது 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகளும் வந்துவிட்டன. சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து பாம்புகளும் பல்லிகளும் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. அப்படிக் கடத்தி வந்ததை வாங்கியவருக்கு எந்தப் பதிவும் துணைக்கு வராது. ஆகவே பல்லி எங்கிருந்து வந்தது, அதற்குத் தாள் இருக்கிறதா என்பதுதான் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி, அது பூச்சி தின்னும் பல்லிதானா என்பது. லெப்பர்ட் கெக்கோ முழுக்கப் பூச்சித்தின்னி. பியர்டட் டிராகன் குஞ்சாக இருக்கும்போது பூச்சியை விரும்பும், வளர வளரக் கீரைக்கு மாறும். பச்சை இகுவானாவோ இலைதின்னி. அதற்குச் சுவர்க்கோழியைப் போடுவது அன்பு அல்ல, கேடு.

பூச்சிக்குள் என்ன இருக்கிறது?

நன்றாக வளர்ந்த சுவர்க்கோழியில் 100 கிராம் எடுத்துக்கொண்டால் 69 கிராம் தண்ணீர், 20 கிராமுக்குச் சற்று மேல் புரதம், ஏறக்குறைய 7 கிராம் கொழுப்பு. பல்லிக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது என்றுதான் தோன்றும். சிக்கல் கால்சியத்தில் இருக்கிறது. அதே 100 கிராமில் பாஸ்பரஸ் சுமார் 295 மில்லிகிராம், கால்சியமோ வெறும் 41. அதாவது கால்சியத்தைப் போல ஏழு மடங்கு பாஸ்பரஸ். பல்லிக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும், ஒன்றரை இரண்டு மடங்கு இருந்தால் இன்னும் நல்லது.

பூச்சியில் கால்சியம் ஏன் இவ்வளவு குறைவு? அதற்கு எலும்பு கிடையாது. உடலைத் தாங்குவது வெளியே இருக்கும் ஓடு. நண்டு தன் ஓட்டில் சுண்ணாம்பைச் சேர்த்துக் கெட்டியாக்குகிறது. சுவர்க்கோழியின் ஓட்டில் கைட்டினும் புரதமும்தான், சுண்ணாம்பு இல்லை. எலியை முழுசாக விழுங்கும் பாம்புக்கு எலும்போடு சேர்த்தே கால்சியம் போய்விடுகிறது. பூச்சியை விழுங்கும் பல்லிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அப்படியானால் நம் வேலி ஓணானுக்கு எலும்பு எப்படி உறுதியாக இருக்கிறது? அது எறும்பு, வண்டு, புழு, சிலந்தி என்று கிடைத்ததையெல்லாம் தின்கிறது. அந்தப் பூச்சிகளோ மண்ணிலும் இலையிலும் மேய்ந்து வயிறு நிறைய கனிமங்களோடு வருகின்றன. ஓணான் வெயிலும் காய்கிறது. சூரிய ஒளியில் 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புறஊதாக் கதிர் தோலில் பட்டால் வைட்டமின் டி3 உருவாகும். குடலிலிருந்து கால்சியத்தை இழுத்துக்கொள்ள அது வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். அதனால் ஜன்னலோரம் வைத்த கண்ணாடித் தொட்டியில் பல்லிக்கு வெளிச்சமும் சூடும் கிடைக்கும், டி3 கிடைக்காது. தொட்டி கொதித்துப்போகும் ஆபத்து தனி.

கால்சியம் போதாதபோது ரத்தத்தில் அதன் அளவைக் காப்பாற்ற உடல் எலும்பை அரிக்கத் தொடங்குகிறது. பாராதைராய்டு சுரப்பி அதற்கான கட்டளையை அனுப்புகிறது. இதயமும் தசையும் இயங்க ரத்தத்தில் கால்சியம் கட்டாயம் இருக்க வேண்டும், எலும்பு எப்படிப் போனாலும் சரி. தாடை ரப்பர் போல் நெகிழும், கால் வளையும், விரல் நடுங்கும். கூண்டில் வளரும் பல்லிகளிடம் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் நோய் இது. வேளா வேளைக்கு வயிறாரப் பூச்சி தின்ற பல்லிக்கும் இது வரும்.

இதைத் தடுக்க இரண்டு வழிகளைச் சேர்த்தே கையாள வேண்டும். ஒன்று, பூச்சியின் வயிற்றை நிரப்புவது. பல்லி விழுங்குவது பூச்சியை மட்டும் அல்ல, பூச்சி கடைசியாகத் தின்றதையும்தான். கடையிலும் பயணத்திலும் பட்டினி கிடந்த பூச்சியின் குடல் காலியாக இருக்கும். அதைப் பல்லிக்குப் போடுமுன் இரண்டு நாளாவது நல்ல தீவனத்தில் விட வேண்டும். கோதுமைத் தவிடு, கோழிக்குஞ்சுத் தீவனம், கேரட், கீரை எல்லாம் ஆகும். கீரையில் நமக்கு அதிர்ஷ்டம் உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் முருங்கைக்கீரையில் 440 மில்லிகிராம் கால்சியம், அகத்திக்கீரையில் 1,130 மில்லிகிராம். பாலக்கீரையைத் தவிர்க்கலாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் கீரை மட்டும் கணக்கைச் சரிசெய்யாது. பூச்சியின் வயிறு சிறியது. அதற்குள் போவதால் ஏழு மடங்கு இடைவெளி நிரம்ப வேண்டுமானால் தீவனத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் கால்சியம் இருக்க வேண்டும். அதற்குத் தீவனத்தோடு கால்சியம் கார்பனேட் தூளைக் கலக்கிறார்கள்.

இரண்டாவது வழி, பூச்சியின் மேலேயே தூளைப் பூசுவது. உயரமான டம்ளரில் ஒரு சிட்டிகை கால்சியம் தூள், அதில் பத்துப் பூச்சி, வாயை மூடி மெல்ல இரண்டு சுற்று. கறுப்பாகப் போன பூச்சி திருநீறு பூசினாற்போல வெளுத்து வெளியே வரும். அந்தக் கணமே பல்லியின் முன் விட்டுவிட வேண்டும். தாமதித்தால் பூச்சி ஓரமாக நின்று வேலையைத் தொடங்கிவிடும்: முன்காலால் உணர்கொம்பை வளைத்து வாய்க்குள் இழுத்து நக்கும், பிறகு ஒவ்வொரு காலாகத் துடைக்கும். சில மணி நேரத்தில் தூள் போய்விடும். பூசிய கால்சியம் பல்லிக்குப் போகாமல் டப்பின் தரைக்குப் போகும்.

வெப்பம் இலவசம், ஈரம் எதிரி

குளிர்நாட்டுப் புத்தகங்களில் சுவர்க்கோழி வளர்ப்பு என்றாலே எப்படிச் சூடாக்குவது என்றுதான் எழுதியிருக்கும். இந்தப் பூச்சிக்குப் பிடித்த வெப்பம் 30 டிகிரி சுற்றுவட்டாரம். அதில் முட்டையிலிருந்து சிறகு முளைத்த பூச்சியாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். 20 டிகிரிக்கு இறங்கினால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றே போகும். அரக்கோணத்தில் ஆண்டின் பெரும்பகுதி அந்த 30 டிகிரி செலவில்லாமல் கிடைக்கிறது. மார்கழி, தை இரவுகளில் மட்டும் முட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் சிறு குண்டு பல்பு எரிந்தால் போதும்.

கத்திரி வெயிலில் பிரச்சினை தலைகீழாகிறது. வானிலை மையம் வெளியிடும் அதிக வெப்பப் பட்டியலில் வேலூரும் திருத்தணியும் தவறாமல் இடம்பிடிக்கும். 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் இந்தப் பக்கம் புதிதல்ல. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மாடிப்படிக்கு அடியில், வெயில் விழும் பால்கனியில் வைத்த டப்புக்குள் வெப்பம் வெளியைவிடக் கூடும். பூச்சிகள் அட்டையின் அடிப்பக்கத்துக்கு இறங்கி அசையாமல் கிடந்தால் அது எச்சரிக்கை. வீட்டின் தரைத்தளத்தில், காற்றோட்டமுள்ள, வெயில் படாத மூலைதான் அவற்றுக்குக் கோடை இடம்.

இருந்தாலும் வெயிலைவிட அதிகமாகக் கொல்வது ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் டப்புக்குள் ஈரம் தங்கும். தவிடு பூஞ்சை பிடிக்கும், எச்சம் ஊறும், அதிலிருந்து அம்மோனியா கிளம்பும். சுவர்க்கோழி மூச்சு விடுவது உடலின் பக்கவாட்டில் உள்ள நுண்துளைகள் வழியாக. எச்சத்தின் மேலேயே வாழும் பூச்சிக்கு அந்த வாயுவிலிருந்து தப்பும் வழி இல்லை. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி வந்தால், பூச்சிகளுக்கு அது ஏற்கெனவே பல நாள் பழைய செய்தி.

ஆகவே டப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே காற்றோட்டத்தை நினைக்க வேண்டும். 40, 50 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று போதும். சுவர் வழுவழுப்பாக இருந்தால் இந்தப் பூச்சி ஏறாது. கரப்பானுக்கும் வீட்டுப்பல்லிக்கும் இருக்கும் ஒட்டும் பாதம் இதற்கு இல்லை. நகத்தைக் கொக்கியாக மாட்டித்தான் ஏறும். கீறல் விழுந்த பழைய டப்பில் கொக்கி மாட்ட இடம் கிடைத்துவிடும். உள் விளிம்பைச் சுற்றி அகலமான பேக்கிங் டேப்பை ஒட்டினால் அதையும் தடுக்கலாம். மூடியில் பெரிய துளை போட்டு வலை அடிக்க வேண்டும். நைலான் கொசுவலை வேண்டாம், கடித்து வெளியே வந்துவிடும். அலுமினியம் அல்லது எஃகு வலைதான் தாங்கும்.

உள்ளே முக்கியமான மரச்சாமான் முட்டை அட்டை. நாமக்கல்லிலிருந்து முட்டை வந்து இறங்கும் அதே முப்பது குழி அட்டைதான். படுக்கவைத்து அடுக்காமல் செங்குத்தாக நிறுத்த வேண்டும். எச்சம் குழியில் தேங்காமல் தரைக்கு விழும், காற்றும் இடையே போகும். சுவர்க்கோழிக்கு வேண்டியது உயரமோ அகலமோ அல்ல, ஒட்டி நிற்கப் பரப்பு. ஓர் அட்டையின் மேடு பள்ளங்கள் டப்பின் தரையைப் பல மடங்காக்கித் தருகின்றன. அப்படியும் வளர்ந்த பூச்சி இருநூறு, முந்நூறுக்கு மேல் ஒரு டப்பில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குஞ்சுகள் மூழ்கிச் சாகும். ஈரப் பஞ்சு அல்லது ஸ்பாஞ்சு வைத்து, அதைத் தினமும் மாற்ற வேண்டும். ஒரு துண்டு கேரட்டோ பூசணியோ பாதித் தாகத்தைத் தீர்த்துவிடும். காய்ந்துபோன துண்டை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

இனி நம் வீடுகளுக்கே உரிய இரண்டு ஆபத்துகள். முதலாவது எறும்பு. தவிட்டு வாசனைக்கு வரும் எறும்பு, தோல் உரித்துக்கொண்டிருக்கும் பூச்சியை விடாது. சர்க்கரை டப்பாவுக்கு நம் அடுக்களையில் செய்வதைப் போலவே, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் கல் வைத்து அதன்மேல் டப்பை ஏற்றிவிட வேண்டும். இரண்டாவது கொசு மருந்து. கொசுவர்த்திச் சுருளிலும் ‘லிக்விட்’ மெஷினிலும் இருப்பது பைரித்ராய்டு வகை நஞ்சு. கொசுவின் நரம்பை முடக்குவது சுவர்க்கோழியின் நரம்பையும் முடக்கும். பூச்சி வகையில் அதற்கு வித்தியாசம் தெரியாது. மாலையில் மெஷினைப் போட்டுவிட்டுக் காலையில் டப்பைத் திறந்து கால் மேலே தூக்கிக் கிடக்கும் பூச்சிகளைப் பார்ப்பவர், நோய் வந்துவிட்டதாக நினைப்பார். கொசுவலை கட்டிய அறைக்கு டப்பை மாற்றினால் அந்த ‘நோய்’ போய்விடும்.

பக்கத்துப் பூச்சி ஏன் என்னைத் தின்கிறது?

சுவர்க்கோழி எட்டுப் பத்து முறை தோல் உரிக்கும். ஒவ்வொரு முறையும் அட்டையில் தலைகீழாகத் தொங்கும், முதுகு வெடிக்கும், பழைய தோலிலிருந்து வெள்ளையாக, மெத்தென்று வெளியே வழுகி வரும். சில மணி நேரத்தில் ஓடு கெட்டியாகிக் கறுக்கும். அதுவரை ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. டப்பில் நடக்கும் கொலைகளில் பெரும்பாலானவை இந்த நேரத்தில் நடப்பவை.

கொல்வது கொழுப்பினால் அல்ல, பசியினால். அதிலும் குறிப்பிட்ட பசியினால். அமெரிக்காவில் மார்மன் கிரிக்கெட் என்று ஒன்று உண்டு. பெயரில் கிரிக்கெட் இருந்தாலும் அது உண்மையான சுவர்க்கோழி அல்ல. லட்சக்கணக்கில் கூடி மைல் கணக்கில் நடந்துபோகும். ஸ்டீபன் சிம்ப்சனும் சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு அந்த அணிவகுப்பின் காரணத்தைச் சொன்னது. அந்தப் பூச்சிகளுக்குப் பற்றாக்குறையாக இருந்தவை புரதமும் உப்பும். அவை இரண்டும் செழிப்பாகக் கிடைக்கும் இடம் முன்னால் போகும் பூச்சியின் உடல். நின்றால் பின்னால் வருபவன் தின்றுவிடுவான் என்பதால்தான் கூட்டம் நடந்துகொண்டே இருக்கிறது. புரதம் கொடுத்த பூச்சிகள் நடையைக் குறைத்தன.

நம் டப்பின் சண்டையும் இதே கணக்குத்தான். கேரட்டும் கோஸும் மட்டும் போட்டால் புரதத்துக்குப் பக்கத்துப் பூச்சிதான் மிச்சம். கோழிக்குஞ்சுத் தீவனம் எப்போதும் தட்டில் இருந்து, தண்ணீரும் இருந்து, ஒளிய அட்டையும் இருந்தால் கொலை வெகுவாகக் குறையும். பல்லியின் தொட்டியிலும் இதை மறக்கக் கூடாது. பல்லி தின்றது போக மிச்சப் பூச்சியைக் கால் மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். பசித்த சுவர்க்கோழி தூங்கும் பல்லியின் விரலையும் கண் ஓரத்தையும் கடிக்கும். வேட்டையாடி யார், இரை யார் என்பது பல்லி விழித்திருக்கும் வரைக்கும்தான் தெளிவு.

கையை நீட்டினால் தாவுவது எப்படி?

சுவர்க்கோழியைக் கையால் பிடிக்க முயல்பவர்கள் தோற்பதற்கு அதன் கண் காரணம் அல்ல. வாலின் இருபுறமும் நீளும் சிறு கொம்புகளில் நூற்றுக்கணக்கான மெல்லிய மயிர்கள் உண்டு. காற்றின் மிகச் சிறிய அசைவையும் அவை உணரும். கை இறங்கும்போது முன்னால் தள்ளிக்கொண்டு வரும் காற்று அந்த மயிர்களை வளைக்கிறது. எந்தப் பக்கத்து மயிர் வளைந்தது என்பதிலேயே ஆபத்து எந்தத் திசை என்ற செய்தி இருக்கிறது. அது பருத்த நரம்பிழைகள் வழியாக மின்னலாய் முன்னேற, பூச்சி எதிர்ப்பக்கம் தாவிவிடுகிறது. தவளை நாக்கு நீட்டினாலும் குளவி பாய்ந்தாலும் தப்பிப்பதற்காக உருவான ஏற்பாடு நம் கைக்கும் வேலை செய்கிறது.

அதனால் துரத்தக் கூடாது. பூச்சிகள் தாமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும் அட்டையை மெதுவாகத் தூக்கி, டம்ளரின் வாய்க்கு மேலே சாய்த்து, இரண்டு தட்டுத் தட்டினால் வேண்டியவை விழும். பின்னங்காலைப் பிடித்துத் தூக்கினால் காலை உதறிவிட்டுப் போய்விடும். அந்தக் கால் வளர்ந்த பூச்சிக்குத் திரும்ப முளைக்காது. எந்த அளவுப் பூச்சியைப் போடுவது என்பதற்கு வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது: பல்லியின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சி வேண்டாம்.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா பாக்டீரியா சாதாரணமாக இருக்கும்; குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் விளையாட்டுக் கூடாது. இறால் சாப்பிட்டால் தடிப்பு வருகிறவர்கள் டப்பைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போடுவது நல்லது. இறாலின் தசையில் ஒவ்வாமை தரும் ட்ரோப்போமயோசின் என்ற புரதத்துக்கு நெருங்கிய உறவான புரதம் சுவர்க்கோழியிலும் உண்டு.

சத்தமும் அடுத்த தலைமுறையும்

கத்துவது ஆண் மட்டும், அதுவும் சிறகு முளைத்த பிறகு. ஒரு முன்சிறகின் நரம்பில் அரம் போன்ற பற்கள், இன்னொன்றில் உரசும் விளிம்பு. இரண்டும் உரச, சிறகின் மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலியைப் பெருக்குகிறது. நம் நாட்டில் இயல்பாகவே வாழும் இருபுள்ளிக் கறுப்புச் சுவர்க்கோழியின் ஒலி ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸ். அதைக் கேட்கும் காது பெண்ணின் முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. வெப்பம் ஏற ஏற ஒலி வேகமாகும். அமெரிக்க இயற்பியலாளர் ஆமோஸ் டால்பேர் 1897இல் சுவர்க்கோழியின் ஒலியை எண்ணியே வெப்பநிலையைக் கணக்கிடலாம் என்று எழுதினார். அது ஒரே ஓர் இனத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும். ஆனால் கோடை இரவில் டப் அதிகமாகக் கத்துவதன் காரணம் அதில் இருக்கிறது. தூக்கம் கெடுகிறதென்றால் சிறகு முளைக்காத இளம்பூச்சிகளையே பல்லிக்குத் தீர்த்துவிடலாம். அவற்றின் ஓடும் மெல்லியது, செரிக்க எளிது.

சில ஆண்களையும் பெண்களையும் மட்டும் விட்டுவைத்தால் அடுத்த தலைமுறை வீட்டிலேயே வரும். பெண்ணின் வால்முனையில் ஊசி போல் நீண்டிருப்பது முட்டையிடும் குழல். ஒரு சிறு டப்பாவில் நன்றாகக் கழுவிய தென்னை நார்க்கழிவை இரண்டு விரல் ஆழத்துக்கு ஈரமாக நிரப்பி வைத்தால் பெண் அதில் குழலைக் குத்தி, ஒவ்வொன்றாக, அரிசி நொய் போன்ற முட்டைகளை இறக்கும். இரண்டு மூன்று நாளில் டப்பாவை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பெற்றவர்களே தோண்டித் தின்பார்கள். மொத்த வளர்ப்பில் ஈரம் வேண்டிய இடம் இது ஒன்றுதான். 30 டிகிரியில் பத்து முதல் பதினான்கு நாளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளக் குஞ்சுகள் மேலே வரும். கடைக்காரர்கள் இவற்றைப் ‘பின்ஹெட்’ என்பார்கள்.

இதையே தொழிலாகச் செய்த நாடு தாய்லாந்து. கோன் கேன் பல்கலைக்கழகம் 1998இல் வளர்ப்பு முறையைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2013இல் வெளியிட்ட அறிக்கை, அங்கே சுமார் 20,000 பண்ணைகள், ஆண்டுக்குச் சராசரியாக 7,500 டன் உற்பத்தி என்று கணக்குச் சொல்கிறது. அங்கே அது மனிதர் உணவு. அந்தப் பண்ணைகளிலும் வெப்பம் இலவசம், பூச்சி ஒளிவது முட்டை அட்டையில்.

பெரிய பண்ணைகளைக் கவிழ்த்தது ஒரு வைரஸ். உலகமெங்கும் அதிகம் வளர்க்கப்படும் வெளிறிய வீட்டுச் சுவர்க்கோழியை டென்சோவைரஸ் தாக்கும். ஐரோப்பாவில் 1970களிலேயே கண்டறிந்த இந்த வைரஸ் 2009, 2010 வாக்கில் வட அமெரிக்கப் பண்ணைகளைச் சூறையாடியது. சில பண்ணைகள் மூடப்பட்டன. இருபுள்ளிக் கறுப்புப் பூச்சி அதைத் தாங்கிக்கொள்கிறது. அதனால் வேற்று இனங்களை ஒரே டப்பில் கலக்காமல், புதிதாக வாங்கியதைச் சில நாள் தனியாக வைத்துப் பார்ப்பது நல்லது. மிச்சமான பூச்சிகளைக் கருணையென்று எண்ணித் தோட்டத்தில் விடக் கூடாது. வேண்டாதவற்றை ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்த பிறகுதான் வெளியே போட வேண்டும்.

நிலக்கடலைக் கொல்லையில் இரவு டார்ச் அடித்தால் சுவர்க்கோழி எத்தனை வேண்டுமானாலும் கிடைக்குமே, எதற்குக் காசு என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கும். பயிருக்கு அடித்த மருந்தும் அதன் உடலில் வரும், வயிற்றுப் புழுக்களும் வரும். மருந்தைப் பொறுத்தவரை ஒரே பூச்சியால் ஆபத்துக் குறைவு. நாள்தோறும் பத்துத் தின்னும் பல்லிக்கு அது சேர்ந்துகொண்டே போகும்.

லெப்பர்ட் கெக்கோ நல்ல பராமரிப்பில் 15, 20 ஆண்டு வாழும். அதை வாங்குகிறவர் அத்தனை ஆண்டுக்கும் வீட்டில் சுவர்க்கோழி டப் வைத்திருக்க ஒப்புக்கொள்கிறார். கத்திரியிலும் ஐப்பசி மழையிலும், ஊருக்குப் போகும் நாட்களிலும், பக்கத்து வீட்டார் சத்தம் என்று முறையிடும்போதும். இது ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ளப் பல்லி தேவையில்லை. ஒரு டப், இரண்டு முட்டை அட்டை, ஐம்பது பூச்சி, கொஞ்சம் தவிடு போதும். இதற்குப் பதிவும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். இரண்டு மாதத்தில் ஒரு தலைமுறை முட்டையிலிருந்து முட்டை வரை வந்துவிடும். அது நெடியில்லாமல், கூட்டமாகச் சாகாமல் நடந்தால் பல்லியைப் பற்றி யோசிக்கலாம். நடக்கவில்லையென்றால் நட்டம் ஐம்பது பூச்சியோடு போகும், ஒரு பல்லியின் எலும்பு தப்பிக்கும்.